தன்னையறியாமல்

எதைக் கண்டாலும் அவளுக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் தர்பூசணிக்காரர் கத்தியை எடுப்பதற்குள் நாலு பழத்தைத் தட்டி முடித்திருப்பாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தபோது என் மண்டையையே தட்டிப் பார்த்துவிட்டு, "நாதம் இருக்குதுக்கா, பயப்படாத" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கூட இருந்தவர்கள் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் என்ன பேசும் என்பதற்காக இல்லை. கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. கேட்டால், முதலில் எழுதியதைக் காட்டு என்பாள். காட்டினால் பாதியை அடித்துவிடுவாள்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் தம்ளரும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து பேக்கிங் பார்ப்பேன். சாமான்களை வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. எனக்கு முந்தின மேசை அவளுடையது. என்னைவிட மூன்று வயது சின்னவள். சூளையில் வெந்து ஆறி வருகிற ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கி, விரல் நீள மூங்கில் குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். கணீர் என்று கேட்டால் "நாதம்". அது என் பக்கம் வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே இருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அதற்கு அவள் வைத்த பெயர் "ஊமை". அது பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்க உடைசல் மேட்டுக்குப் போய்விடும்.

ஒருமுறை அவசர ஆர்டர். முதலாளி வந்து நின்று, எல்லாம் ஒரே சூளையில் வெந்ததுதானே, பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவிடு என்றார். "அந்தப் பத்துக்குத்தான் அது பதிலு. மத்ததுக்கு மத்ததுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். லாரி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றது. முதலாளி உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மனிதர்கள் விஷயத்திலும் அவள் அப்படித்தான். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் அவளும் மகேஸ் என்ற பெண்ணும் குடியிருந்தார்கள். மகேஸ் நல்லூர்க்காரி, வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். இருவரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று வீட்டுக்காரம்மா சொல்வார். நானும் அப்படியே நம்பினேன். என் மகளின் காதுகுத்துக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று அவளிடம் சொன்னபோது, நான் வருகிறேன், மகேஸ் வருவாளா என்று மகேஸைத்தான் கேட்க வேண்டும் என்றாள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவளுக்காக ஒரு "சரி" சொல்லிவிட்டால் வாயா தேய்ந்துவிடும்? நான் முணுமுணுத்துக்கொண்டே மகேஸுக்குத் தனியாகப் போன் போட்டேன். வருகிறேன் என்று அவள் ஒரே நொடியில் சொன்னாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் தொடர்கதை படிப்பது. யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடுகிற ஆப் ஒன்றை வைத்திருந்தாள். அதில் பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகளை மட்டும் தேடித் தேடிப் படிப்பாள். அதை மட்டும் ஏன் படிக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை. நான் அந்தப் பேச்சை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த கதைகளில் ஒன்றை எழுதியது நான்.

என் எழுத்து வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆணும் பெண்ணுமாக இரண்டு தொடர் எழுதினேன். என் நாத்தனார் மட்டும் படித்தாள், அதுவும் குறை சொல்வதற்கு. அந்த ஆப்பில் பெண்ணும் பெண்ணும் கதைக்குக் கூட்டம் வருகிறது என்று பார்த்து, ஒரு பூவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு நானும் இறங்கினேன். அப்படி வாழ்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. பழைய கதையில் ஆண் இருந்த இடத்தில் ஒரு பெண்ணைத் தூக்கி வைத்தேன். முடியைக் கத்தரித்து, புல்லட் வாங்கிக் கொடுத்து, யாழினி என்று பெயர் வைத்தேன். மற்றவள் ஆதிரா. ஆதிராவின் வேலை வெட்கப்படுவது. கூட்டம் வந்துவிட்டது. நாற்பது அத்தியாயம் ஓடிற்று.

அந்தக் கதையைத்தான் அவள் சோறு பிசைந்தபடியே எனக்கு விளக்கினாள்.

"யக்கா, இதுல அவளுங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே பண்றதில்ல. மழ பண்ணுது, ஜொரம் பண்ணுது, கரண்ட்டு போவுது. கரண்ட்டு மட்டும் போவாம இருந்திருந்தா இந்நேரம் ஆளுக்கொரு வூட்ல சீரியல் பாத்துக்கிட்டு இருப்பாளுங்க."

நான் மோரைக் குடித்துச் சமாளித்தேன். கரண்ட் போகிற அத்தியாயத்துக்குத்தான் வாசகர்கள் அள்ளி அள்ளி இதயம் போட்டிருந்தார்கள்.

அவளுக்குப் பொறுக்காமல் போனது ஒரே ஒரு வார்த்தை. அதை எனக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினாள். யாழினி கையைப் பிடித்து இழுத்ததும் ஆதிரா தன்னையறியாமல் அவள் தோளில் சாய்ந்தாள். தன்னையறியாமல் கண்களை மூடினாள். தன்னையறியாமல் அவள் கால்கள் யாழினியின் அறையை நோக்கி நடந்தன.

"காலு தனியா நடந்து போச்சாம். அப்ப இவ எங்கக்கா இருந்தா? அறிஞ்சே சாஞ்சா கொறஞ்சா போயிடுவா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதினவள் நான் என்று காட்டிக்கொள்ளாமல் சண்டைக்குப் போனேன். காதல் என்றால் அப்படித்தான் இருக்கும், மறுக்க முடியாமல் போவதுதான் காதல், உனக்கென்ன தெரியும் என்று கேட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"முடியலன்றது வேற, மாட்டேன்றது வேறக்கா. முடியலன்னா அது கட்டிப்போட்ட கோழி. மாட்டேன்னு சொன்னாத்தான் மனுசி."

பிறகு யாழினியைப் பிடித்துக்கொண்டாள். இவள் எப்போதும் அதட்டுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்பதைக்கூட மிரட்டலாகக் கேட்கிறாள், ஆதிரா எப்போதும் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள், இதற்கு இரண்டு பெண்கள் எதற்கு என்றாள். கடைசியில் பாரேன், ஒருத்தியைக் கொன்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் கனடாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னாள். நான் ஆதிராவைக் கனடாவுக்கு அனுப்புவதாகத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது லண்டன் என்று மாற்றிக்கொண்டேன்.

அப்படியும் அவள் ஒரு வாரம்கூட விடாமல் படித்தாள். பிடிக்காததை ஏன் படிக்கிறாய் என்றால், ஏதாவது ஒன்றாவது நாதமாக இருக்காதா என்று பார்க்கிறேன் என்பாள்.

அந்த ஆவணியில் மகேஸுக்கு ஒரு வரன் வந்தது. மங்கலம்பேட்டையில் கடை வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். நானே முன்னின்று முடித்துவிடலாம் என்ற ஆசையில் அவளிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. பிறகு வழக்கம்போல, "அவளக் கேளு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்விட்டேன். அவள் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகேஸ் மிஷினில் இருந்தாள். நான் மாப்பிள்ளையின் கடையை, வீட்டை, குணத்தை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். மகேஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நானும் இவளும் குடும்பமாத்தான் இருக்கோம்க்கா. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நாற்பது அத்தியாயம் எழுதியவள் நான். கண்ணெதிரே இருந்ததை ஐந்து வருடமாக எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மழை பெய்யவில்லை. கரண்ட் இருந்தது. யாரும் நடுங்கவில்லை. ஒருத்தி கீரை ஆய்ந்தாள், மற்றவள் உலை கொதிக்கிறதா பார் என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க டீ போடச் சொல்லிக் கேட்டேன். யார் முதலில் சொன்னது என்றும் கேட்டுவைத்தேன். தான்தான் கேட்டதாக அவள் சொன்னாள். மகேஸ் பதில் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்றாம். அந்த இரண்டு மாதமும் நீ என்னடி செய்தாய் என்றேன்.

"வேலைக்குப் போனேன்" என்றாள்.

ஆறு மாதம் கழித்து விஷயம் நல்லூருக்குப் போய்ச் சேர்ந்தது. மகேஸின் அண்ணன் விவசாயி, கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேர்க்கடலை அறுவடை முடிந்தால் தங்கைக்கு ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து போடுகிறவர். அன்று மூட்டை இல்லாமல் வந்து, எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே அவளை அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏம்மா, எந்தங்கச்சிய அனுப்பி வச்சிடும்மா."

"அவ என்னா பார்சலாங்கண்ணா, நான் அனுப்பறதுக்கு? அவளக் கேளுங்க."

"அவளக் கேட்டா அவளா பேசுவா? நீ சொல்லிக் குடுத்ததத்தான் பேசுவா."

அவர் மகேஸைக் கேட்கவே இல்லை. நேரே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரியே வெள்ளைத்தாளில் மனு எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பெயர். அண்ணன் தான் கட்டிய பிராதைப் போட்டோ எடுத்து மகேஸின் போனுக்கும் அனுப்பியிருந்தார். எதிராளிக்குத் தெரியாமல் வழக்குப் போடுவது நியாயமில்லை என்று நினைத்தாரோ என்னவோ. அதை என்னிடம் காட்டினார்கள்.

'என் தங்கை மகேஸ்வரி ஒரு பெண்ணின் பேச்சில் மயங்கி, தன்னையறியாமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவளை மீட்டுத் தர வேண்டும்.'

அந்த வார்த்தை என் வார்த்தை. நான் அழகுக்கு என்று அத்தியாயத்துக்குப் பத்து இடத்தில் தூவிக்கொண்டிருந்தது, இங்கே ஒருத்தியை ஒன்றும் தெரியாதவள் ஆக்கி வீட்டுக்கு இழுத்துப்போக உதவிக்கொண்டிருந்தது.

"ஒங்க அண்ணனும் கதை எழுத ஆரமிச்சிட்டாருடி" என்று அவள் சிரித்தாள். மகேஸ் சிரிக்கவில்லை.

மகேஸுக்குக் கொளஞ்சியப்பர் என்றால் உயிர். தையல் மிஷினுக்காகப் பிராது கட்டி, மிஷின் வந்ததும் கையோடு போய் ராஜினாமா செய்துவிட்டு வந்தவள். வழக்கு சாமியிடம் போய்விட்டதே, சாமி குத்தம் ஆகிவிடுமே, கொஞ்ச நாள் ஊரில் போய் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். போனால் அடுத்த முகூர்த்தத்தில் கழுத்தில் தாலி ஏறிவிடும்.

"நீயே யோசிச்சி சொல்லு" என்றாள் அவள். கோபத்தில் சொல்லவில்லை.

எனக்குத்தான் கோபம். மறுநாள் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஏண்டி, கையைப் பிடித்துக்கொண்டு "இரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, அழுதால் என்ன என்று சத்தம் போட்டேன். அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"நான் அழுதா அவ இருப்பாக்கா. அப்பறம் காலத்துக்கும் என் அழுகைக்குத்தான் இருப்பா."

எட்டு நாள். அவள் வந்தாள், தட்டினாள், போனாள். கதை படிக்கவில்லை. ஐந்தாவது நாள் நான் பெட்டியில் அடுக்கும்போது ஒரு தம்ளர் இன்னொன்றில் இடித்து அமுங்கிய சத்தம் கேட்டது. எடுத்துத் தட்டினேன். ஊமை. அவள் கையிலிருந்து ஊமை ஒன்று என் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. சத்தமில்லாமல் உடைசல் மேட்டில் போட்டுவிட்டு வந்தேன். மனசு கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புல்லட் கதையை எழுதுவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள், குறைந்தபட்சம் அந்த ஒருநாளாவது வேறு நினைப்பில் இருப்பாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள். "ஒரு எடத்துல ஆதிராவுக்கு வைக்கோல் குத்தி நகக்கண்ணு எரியும். அந்தக் கையோட மொளகாப்பொடி போட்டுச் சோறு பெசைவா. அது ஒண்ணுலதான்க்கா நாதம் இருந்திச்சி. பேக்கிங் பாக்குறவ எழுதுறதுன்னு அப்பவே நெனச்சேன்."

அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. கை எரிந்துகொண்டிருந்தது, எழுதினேன். என் கதையைப் பற்றி இதுவரை யாரும் அதைவிட நல்லதாகச் சொன்னதில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மகேஸ் நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தலை மட்டும் ஒழுங்காக வாரிப் பூ வைத்திருந்தது. நீங்கள் நன்றாக எழுதுவீர்களாமே, எனக்கு ஒரு பிராது எழுதிக் கொடுங்கள் என்றாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் உட்கார்ந்து, என் திறமையை எல்லாம் காட்டி எழுதினேன். அவளைப் பிரிந்து வாழ முடியாமல் தவிக்கிறேன் என்று எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மகேஸ் வாங்கி வாசித்தாள். என் கையிலிருந்து பேனாவை எடுத்து, 'முடியாமல் தவிக்கிறேன்' என்பதன் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"முடியும்க்கா. ஊருல கொண்டுபோயி வுட்டா, ஜாக்கெட்டு தச்சிக்கிட்டு, சோறு தின்னுக்கிட்டு இருந்துடுவேன். எத்தினி பேரு இருக்கறாங்க. முடியாததால இல்ல. நான் போவ மாட்டேன்."

பிறகு வேறு தாள் எடுத்து அவளே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'கொளஞ்சியப்பர் அவர்களுக்கு நல்லூர் மகேஸ்வரி எழுதிக்கொள்வது. என் அண்ணன் எழுதியது சரியில்லை. நான் அறிந்தே போனேன். அறிந்தே இருக்கிறேன். திரும்பி வர மாட்டேன்.' அவ்வளவுதான். மனுவை வாங்கிப் பார்த்த வயதான பூசாரி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கோரிக்கை எங்கம்மா?"

"கோரிக்க ஒண்ணும் இல்லீங்க. அண்ணன் சொன்னது மட்டுந்தான் சாமிக்குத் தெரியும். என்னுதையும் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அவர் தாளைச் சாமி காலடியில் வைத்து எடுத்தார். பிறகு விபூதி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அண்ணனுடைய தாள் கட்டியிருந்த அதே வேலில் தன்னுடையதையும் கட்டிவிட்டு, மகேஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவர்கள் பாண்டிச்சேரியில் இருக்கிறார்கள். மகேஸுக்கு அங்கே சொந்தக் கடை. அண்ணன் முதல் வருடம் பேசவில்லை. இரண்டாம் வருடம் மல்லாட்டை மூட்டையோடு போய் நின்றாராம், உள்ளே வராமல் வாசலிலேயே காபி குடித்தாராம். தன் பிராதை அவர் ராஜினாமா செய்தாரா என்று யாரும் கேட்கவில்லை. நான் என் தொடரை முதலிலிருந்து திருத்தினேன். யாழினியின் புல்லட்டை விற்றேன். ஆதிராவை எங்கும் அனுப்பவில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தியாயம் போட்ட அன்று பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மெசேஜ் வரும். பெரும்பாலும் "ஊமை" என்றுதான் வரும். போன மாதம் ஒருதடவை மட்டும் "பரவால்ல" என்று வந்தது. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மகேஸ் பிராது கட்டிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நானும் மகேஸும் கம்பெனிக்குப் போனபோது எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் கடைசி வரிசைத் தம்ளர்களோடு இருந்தாள். மகேஸ் எதிரில் போய் நின்று, கோயிலுக்குப் போனதையும் என்ன எழுதினாள் என்பதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீயே எழுதுனியா?"

"அக்கா எழுதுனாங்க. அத அடிச்சிட்டு நானே எழுதுனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. எட்டு நாளாக அடக்கி வைத்திருந்தது. எழுந்து, மூங்கில் குச்சியால் மகேஸின் நெற்றியில் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டு, தம்ளருக்குச் சாய்க்கிற மாதிரியே காதைச் சாய்த்தாள்.

"என்னாடி, நாதமா ஊமையா?" என்றாள் மகேஸ்.

எட்டு நாளாக நான் கெஞ்சியும் திட்டியும் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"இரு" என்றாள்.